விமானமும் மின்னலும்

மின்னல் தாக்கினால் விமானம் எரிந்து வீழ்ந்துவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அலுமினிய உடல் மின்சாரத்தைத் தன் மேற்பரப்பிலேயே ஏந்திச் சென்று வெளியே விட்டுவிடும். பெரும்பாலும் உள்ளே இருப்போர் ஓர் ஒலியை மட்டுமே கேட்பர்.

ஆபத்து எரிபொருள் தொட்டியில்தான் உள்ளது. திரவத்தைவிட அதன்மேல் நிற்கும் ஆவியே கொடியது. 1963 டிசம்பர் 8 அன்று, அமெரிக்காவின் எல்க்டன் நகருக்கருகே, பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 707 விமானத்தை மின்னல் தாக்கிற்று. இடப்புறச் சிறகின் தொட்டியிலிருந்த ஆவி வெடித்தது. அதிலிருந்த 81 பேரும் மாண்டனர்.

சிறகின் பின்னோரத்தில் மெல்லிய குச்சிகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவற்றை இடிதாங்கி என்பாரும் உளர், அது பிழை. மழைத்துளியும் பனித்துகளும் உராய்வதால் சேரும் நிலைமின்சாரத்தைக் காற்றில் மெல்லக் கசியவிடுவதே அவற்றின் பணி. அவை இல்லையேல், மேகத்தினூடே செல்லுகையில் விமானியின் காதில் இரைச்சலே மிகுந்து, நிலையத்தார் கூறும் சொல் அதில் அமிழ்ந்துவிடும்.