ஆணி இல்லாத படகு

சாயா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா மகன் கேட்டான்: "மாமா, கயாக் கிட்டைப் பிரிச்சுப் பார்த்தேன். பலகை இருக்கு, செம்புக் கம்பி இருக்கு. ஒரு ஆணிகூட இல்லையே, எப்படி நிக்கும்?"

கொச்சி மட்டாஞ்சேரியில் உட்கார்ந்து கேட்கிற கேள்வியா இது! கெட்டுவள்ளம் என்ற பெயரே பதில் சொல்கிறது. ஆஞ்சிலிப் பலகைகளின் விளிம்பில் துளை போட்டு, மூட்டில் தேங்காய் நாரை அடைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டிய வள்ளம் அது. சென்னைக் கரையில் கப்பலுக்கு ஆளையும் சரக்கையும் ஏற்றிப்போன மசூலாப் படகும் தையல் படகுதான். அலை தூக்கிப் போட்டால் ஆணியடித்த படகு விரிசல் விடும். கயிறு நெகிழ்ந்து கொடுக்கும்.

கிட்டில் வருவதும் தையல்தான். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கென் லிட்டில்டைக் என்ற மரவேலை ஆசிரியர் கயாக்கை இப்படிச் செய்தார். அதே முறையில் வந்த 'மிரர்' என்ற சிறு பாய்மரப் படகு எழுபதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டது. அதில் பெரும்பாலானவை வீட்டில் செய்தவை.

ஆனால் கெட்டுவள்ளத்தில் கயிறுதான் பலம். கயாக்கிலோ கம்பி வெறும் பிடிமானம், பலமெல்லாம் பசையில். நாலு மில்லிமீட்டர் பிளைவுட்டின் விளிம்புகளில் துளை போட்டு, கம்பியைக் கோத்து முறுக்க முறுக்க, தரையில் தட்டையாகக் கிடந்த பலகை வளைந்து எழுந்து படகாகிவிடும். அந்த நேரத்தைப் பார்க்கவே ஒரு படகு செய்யலாம். பிறகு எபாக்ஸிப் பசையில் நைசான மரத்தூளைக் கலந்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் உள்மூட்டு நெடுக வழித்துவிட வேண்டும். அதன்மேல் கண்ணாடியிழை நாடா. இறுகியதும் கம்பியை வெட்டி எடுத்துவிடலாம்.

அவசரக்காரர்கள் கெடுப்பது இந்தப் பசையைத்தான். சீக்கிரம் இறுகட்டும் என்று அதோடு கலக்கிற ஹார்டனரைக் கூட்டி ஊற்றினால் பசை பலமிழக்கும். டப்பாவில் அச்சிட்டிருக்கிற அளவுதான் அளவு. கொச்சி வெயிலில் ஒரு குவளை நிறையக் கலந்தால் தானே சூடேறிப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பிக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு படியும். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த பூச்சு போட்டால் அது ஒட்டாது, பின்னால் உரிந்து வரும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது. ஒருமுறை அலர்ஜி வந்தால் அந்த வேலையையே விட வேண்டியதுதான். கடைசியில் வார்னிஷ் அவசியம், வெயில் எபாக்ஸியை அரித்துவிடும்.

மழைக்காலத்தில் தொடங்காதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். டிசம்பர், ஜனவரியில் காற்று காய்ந்திருக்கும். முதல் வெள்ளோட்டம் கும்பளங்கிக் காயலில், லைஃப் ஜாக்கெட்டோடு. கப்பல் போகிற அழிமுகத்துப் பக்கம் வேண்டாம்.