இந்தச் சொல் இங்கே ஏன்?

வாசிக்கவும் படம் பார்க்கவும் ஆழ்வார்திருநகரி கற்றுத் தரும் பாடம்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயிலில் ஏறி ஆழ்வார்திருநகரியில் இறங்கினால், ஆதிநாதர் கோயிலுக்குள் உறங்காப்புளியைப் பார்க்கலாம். அதனடியில் பதினாறு ஆண்டுகள் பேசாமல் இருந்த நம்மாழ்வார், மதுரகவி வந்து கேள்வி ஒன்றைக் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார் என்பது ஐதிகம். அந்தப் புளியமரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: நல்ல படைப்பும் அப்படித்தான், கேட்டால்தான் பேசும்.

நாமோ கேட்பதில்லை. தியேட்டர் வாசலிலேயே ‘சூப்பர்’ என்றோ ‘மொக்கை’ என்றோ தீர்ப்பு எழுதிவிடுகிறோம். புத்தகத்துக்கும் அதே கதிதான். தீர்ப்பு சொன்ன அந்த நொடியில் படைப்போடு நம் பேச்சு முடிந்துபோகிறது.

ஆறாயிரம் முதல் முப்பத்தாறாயிரம் வரை

கேட்கத் தெரிந்தவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று பார்ப்போம். ஆழ்வார்திருநகரியின் பிள்ளையான நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் 1,102 பாசுரங்கள். அதற்கு எழுந்த உரைகளில் ஐந்து புகழ்பெற்றவை. திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி முதலாவது. திருவரங்கத்தில் நம்பிள்ளை பகலில் சொன்னதைக் கேட்டு, வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதிவைத்தது என்று சொல்லப்படும் ஈடு முப்பத்தாறாயிரப்படி எல்லாவற்றிலும் விரிவானது. ஒரு படி என்பது 32 எழுத்து. கணக்குப் போட்டால் ஈடு மட்டும் பதினொன்றரை லட்சம் எழுத்துக்கு மேல் போகிறது. இதே ஆழ்வார்திருநகரியில் 1370-ல் பிறந்தவராகச் சொல்லப்படும் மணவாள மாமுனிகள், பின்னாளில் அந்த ஈட்டைத் திருவரங்கத்தில் மாதக் கணக்கில் விரித்துரைத்தார்.

அத்தனை எழுத்தில் அப்படி என்னதான் சொல்கிறார்கள்? முதலில் அவதாரிகை: இந்தப் பாட்டு எந்த மனநிலையில் பிறந்தது, முன்பாட்டோடு எப்படிச் சேர்கிறது? அடுத்து ஒவ்வொரு சொல்லாக எடுத்து, இது இங்கே ஏன் வந்தது என்ற கேள்வி. பிறகு எதிர்வாதமும் அதற்குப் பதிலும். ஓர் இடத்துக்கு ஆசிரியர்கள் வேறு வேறு பொருள் சொல்லியிருந்தால், இன்னாருடைய நிர்வாகம், அதாவது விளக்கம், இது என்று பெயரோடு பதிவு.

சீடன் மறுத்த கதை

திருமாலையாண்டானிடம் இராமானுசர் திருவாய்மொழி கேட்ட கதையை வைணவ வீடுகளில் இன்றும் சொல்வார்கள். அறியாப் பருவத்தில் அன்பைத் தந்துவிட்டுப் பிறகு மாயையில் தள்ளினாயே என்று ஆழ்வார் புலம்புவதாக ஒரு பாசுரத்துக்கு ஆண்டான் பொருள் சொன்னார். இராமானுசர் ஒப்பவில்லை. இந்தப் பத்துப் பாட்டிலும் மகிழ்ச்சிதானே ததும்புகிறது, நடுவில் மட்டும் புலம்பல் எப்படி வரும் என்று யோசித்துச் சொற்களைக் கூட்டிப் பார்த்தார். மாயையில் கிடந்தவனுக்கு அறியாத காலத்திலேயே அன்பைத் தந்தாயே என்று நன்றியாக விரிந்தது பொருள்.

தம் ஆசிரியர் ஆளவந்தார் சொல்லாத பொருள் என்று கோபித்து ஆண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி வந்து, ஆளவந்தார் அப்படியும் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று சமாதானம் செய்தாராம். குருவை மறுக்கலாம், ஆனால் சான்று பாட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். விமர்சனத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

உணர்ந்ததைச் சொல்லப் பெயர்களும் வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் இவ்வூர்த் திருக்குருகைப் பெருமாள் கவிராயர் மாறனலங்காரம் என்ற அணியிலக்கண நூலை எழுதினார். தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்ல, இவர் 64 அணிகளை வகுத்தார். ‘அழகாக இருக்கிறது’ என்பதோடு நிற்காமல், அந்த அழகு எப்படி வந்தது என்று சுட்டிக்காட்டும் முயற்சி அது.

திரைக்கு ஓர் உரை

இதே கண்ணோடு ஒரு படம் பார்ப்போம். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து பிறந்தது மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979). முதல் கேள்வி தலைப்பிலேயே இருக்கிறது. ‘சிற்றன்னை’ என்ற பெயர் வீட்டுக்கு வந்த இளையதாரத்தின் மேல் நம் கண்ணைத் திருப்புகிறது. ‘உதிரிப்பூக்கள்’ என்ற பெயர் சிதறிப்போன பிள்ளைகளின் மேல். படமோ தகப்பனின் கொடுமையை ஊர் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறது. கதையின் பாரத்தை இயக்குநர் ஏன் இடம் மாற்றினார்?

முடிவில் ஊர் கூடி அந்தத் தகப்பனை ஆற்றில் இறங்கவைக்கிறது. பிள்ளைகள் கரையில் மிஞ்சுகிறார்கள். நீதி கிடைத்தது என்று ஒருவர் சொல்லலாம். அவன் செய்த கொடுமையை ஊரே கற்றுக்கொண்டது என்று இன்னொருவர் சொல்லலாம். நான் இரண்டாவது பக்கம். படம் முடியும்போது என் மனசில் நிற்பது ஊர் வென்றதல்ல, அநாதையான அந்தக் குழந்தைகள்தான். வேறு காட்சியைக் காட்டி யாராவது மறுத்தால் கேட்டுக்கொள்வேன்.

நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். படம் முடிந்ததும் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு பேசவைக்கலாம். கதை வாசித்ததும் ஒரு சொல்லை எடுத்துவிட்டு, என்ன குறைகிறது என்று கேட்கலாம். பிள்ளை நம் கருத்தை மறுத்தால் ஆண்டானைப் போலப் பாடத்தை நிறுத்த வேண்டாம். எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒன்றே ஒன்று கேட்டால் போதும்:

“எதை வச்சுச் சொல்லுதே?”