முகூர்த்தமும் நேரலையும்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் நிகழும் மங்கல காரியங்களுக்கு, ஊரிலுள்ள முதியோர் வந்து சேர இயலாமற் போவது புதிதன்று. முன்னாளில் புகைப்படங்களை அஞ்சலில் அனுப்பினோம். பிறகு வீடியோ நாடாக்களை ஊருக்குப் போவோர் கையில் கொடுத்தனுப்பினோம். இன்றோ, தில்லி மண்டபத்தில் நிகழ்வதை மாயவரத்துத் திண்ணையில் அமர்ந்தபடி அப்பொழுதே காணலாம் என்கிறார்கள். ‘அப்பொழுதே’ என்னும் இச்சொல்லைப் பற்றியே நேயர்களிடம் பேச விரும்புகிறோம். நம் தமக்கையின் மகளுக்குச் சென்ற ஆண்டு தை மாதம் தில்லியில் நிகழ்ந்த திருமணத்தில், முதன்முறையாக நேரலையைக் கையாண்டு நாம் பட்ட பாடே அதற்குக் காரணம்.

முதலில் இரண்டு செயல்களைப் பிரித்தறிதல் வேண்டும். எடுத்து முடித்த படத்தை இணையத்தில் ஏற்றிவைத்து, வேண்டியவர் வேண்டிய பொழுது பார்க்க விடுவது காணொளிப் பகிர்வு. யூடியூப் தளத்தில் 2005 ஏப்ரல் 23-ஆம் நாள் ஏறிய முதற்படம், அதை நிறுவியோருள் ஒருவரான ஜாவேத் கரீம், சான் டியேகோ விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளின் முன் நின்று பேசுவது. அது இருபது விநாடி கூட ஓடாது. நிகழும் பொழுதே காட்சியை அனுப்புவது நேரலை. இதன் வித்து இன்னும் பழமையானது. 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தார், பாத்திரத்தில் காப்பி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே அறிய, அதன் எதிரே ஒரு காமிராவை நிறுத்தினார்கள். 1993-இல் அக்காட்சி உலகளாவிய வலையிலும் ஏறியது. காப்பிக்காக இவ்வளவு மெனக்கெட்டவர்கள் தமிழர் அல்லர் என்பதே வியப்பு! நம் நாட்டில் 2010-இல் ஐ.பி.எல். கிரிக்கெட் ஆட்டங்கள் யூடியூபில் நேரலையாக வந்தன. 2022 செப்டம்பர் 27 முதல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் விசாரணையை வீட்டிலிருந்தே காண முடிந்தது. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை, இஸ்ரோவின் யூடியூப் நேரலையில் மட்டும் ஒரே சமயத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர்.

இனி நம் மண்டபத்துக்கு வருவோம். ஒரு படத்தில் அகலவாட்டில் 1,280 புள்ளிகள், உயரவாட்டில் 720 புள்ளிகள் என்று கொண்டால், மொத்தம் 9 லட்சத்து 21 ஆயிரத்துக்கு மேல் ஆகும். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் வேண்டும். விநாடிக்கு 30 படங்கள் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 66 கோடி பிட்டுகள்! கைப்பேசி விநாடிக்கு 30 லட்சம் பிட்டுகளை இடையறாமல் அனுப்பினாலே நல்ல படம் கிடைத்துவிடும். எனவே சரக்கை இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருக்கியாக வேண்டும். எப்படி? சென்ற படத்துக்கும் இந்தப் படத்துக்கும் இடையே மாறியதை மட்டும் அனுப்புவதே உபாயம். மண்டபத்துச் சுவர் மாறவில்லை, வாழைமரம் மாறவில்லை. அவற்றைத் திரும்பத் திரும்ப அனுப்புவானேன்? புரோகிதரின் கை அசைந்தது, ஓமப்புகை எழுந்தது. அவற்றை மட்டும் அனுப்பினாற் போதும்.

இந்த உபாயம் எந்த இடத்தில் தோற்கிறது என்பதை நேயர்கள் கேட்க வேண்டும். மாங்கல்யதாரணத்தின் போது கெட்டிமேளம் முழங்குகிறது, எல்லாரும் எழுகின்றனர், நாற்புறமிருந்தும் பூவும் அட்சதையும் பறக்கின்றன. அந்த ஒரு கணத்தில் படத்தின் ஒவ்வொரு மூலையும் மாறிவிடுகிறது. அனுப்ப வேண்டியது பன்மடங்காகிறது. வழியோ பழைய அளவே. அதனால், எதைக் காண்பதற்காக மூன்று மணி நேரம் காத்திருந்தார்களோ, அந்தக் கணத்திலேயே படம் கட்டம் கட்டமாகக் கலங்கிப் போகிறது. நல்ல வெளிச்சமும், அசையாத முக்காலியும், மணமக்களை ஒட்டிய நெருக்கமான காட்சியும் இக்குறையை ஓரளவு தணிக்கும். கைப்பேசியைக் கையில் ஏந்திக்கொண்டு நடப்பது இதனைப் பெருக்கும். ஏனெனில் கை அசைந்தால் சுவரும் அசைந்ததாகவே கருவி கொள்ளும்.

அடுத்தது தாமதம். அஞ்சல் நிலையத்தில் கடிதங்களை ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை. பையில் சேர்த்துக் கட்டி அனுப்புகிறார்கள். அவ்வாறே நேரலைத் தளமும் சில விநாடிகளின் காட்சியை ஒரு துண்டாகக் கட்டுகிறது. நல்ல இணைப்புள்ளோர்க்கு ஒருவிதமாகவும் மெலிந்த இணைப்புள்ளோர்க்கு வேறுவிதமாகவும் அத்துண்டை மாற்றியமைத்து, பல ஊர்களிலுள்ள கணினிகளுக்கு அனுப்புகிறது. பார்ப்பவரின் கைப்பேசியும், நடுவே படம் நின்றுவிடாதபடி இரண்டு மூன்று துண்டுகளைச் சேமித்துக்கொண்ட பின்னரே காட்டத் தொடங்குகிறது. இவ்வாறு இருபது, முப்பது விநாடிகள் கழிந்துவிடுகின்றன.

கிரிக்கெட் ஆட்டத்துக்கு இது பெரிதன்று. நம் அன்னையார்க்குப் பெரிதாயிற்று. எண்பது வயதைக் கடந்தவர்; ரயிலேற இயலாதவர். ஊரில் குளித்து, புதுப்புடவை உடுத்து, கையில் அட்சதையுடன் கைப்பேசியின் முன் அமர்ந்திருந்தார். நாமோ, துணைக்கு இருக்கட்டுமென்று அவரைத் தொலைபேசியிலும் அழைத்து வைத்திருந்தோம். தொலைபேசி வழியே கெட்டிமேளம் கேட்டது; உடனே அட்சதையைத் தூவிவிட்டார். படத்திலோ மாப்பிள்ளை இன்னும் தாலியைக் கையில் வாங்கவில்லை. அரை நிமிடம் கழித்துப் படத்தில் தாலி ஏறியபொழுது அவர் கையில் ஓர் அரிசியும் இல்லை. “ஏம்ப்பா, நான் போட்ட அட்சதை எதுக்குச் சேரும், சத்தத்துக்கா, படத்துக்கா?” என்று அன்று மாலை கேட்டார். சத்தத்துக்கே என்றோம். அது மெய்யே ஆயினும் அவர் மனம் ஆறவில்லை.

முதன்முறை முயல்வோர் அறிய வேண்டியவை இன்னும் சில உள. நேரலை வசதியை முதன்முதலாகக் கேட்டுப் பெறும்பொழுது, அனுமதி கிட்ட 24 மணி நேரம் வரை காத்திருக்கச் சொல்லும் தளங்கள் உண்டு. இதனை அறியாமல் நிச்சயதார்த்தத்தன்று காலையில் பொத்தானை அழுத்திவிட்டு நாம் விழித்ததை உறவினர் இன்னும் மறக்கவில்லை. ஒருவாரம் முன்பே அனுமதி பெற்று, அதே மண்டபத்தில், அதே கைப்பேசியில் ஒத்திகை பார்த்துவிடுவது நலம். விநாடிக்கு 30 லட்சம் பிட்டு வீதம் மணிக்கு ஏறத்தாழ 1.35 ஜி.பி. செலவாகும்; மூன்று மணிக்கு நான்கு ஜி.பி. நாள் ஒன்றுக்கு இவ்வளவே என்று அளந்து தரும் திட்டமாயின், முகூர்த்தத்துக்கு முன்னரே அது தீர்ந்து போகக்கூடும். ஒலிபெருக்கியில் திரைப்படப் பாடல்களை ஒலிக்க விடுவதும் ஆகாது. உரிமையுள்ள இசையைத் தளத்தின் கருவி தானே கண்டுகொண்டு நேரலையை நிறுத்திவிடலாம்.

யார் பார்க்கலாம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தல் வேண்டும். பொது என்று விட்டால் உலகோர் யாவரும் காண்பர். பெண்ணின் நகைகளையும் பிள்ளைகளின் முகங்களையும் முன்பின் அறியாதவர்க்குக் காட்டுவது நமக்கு உவப்பன்று. தனிப்பட்டது என்று வைத்தால், அழைக்கப்பட்டோர் தத்தம் கணக்கில் நுழைந்தே பார்க்கவேண்டும். முதியோர்க்கு அது எளிதன்று. இரண்டுக்கும் இடைப்பட்டது, சுட்டி வைத்திருப்போர் மட்டும் பார்ப்பது. நாம் அதையே தேர்ந்தோம். ஆயினும் சுட்டியைப் பெற்றவர் பிறர்க்கும் அனுப்பலாம் என்பதை மறத்தலாகாது.

தாமதத்துக்கு வழி பிற்பாடுதான் புலப்பட்டது. இருவர் முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்பு வேறு முறையில் இயங்குவது. அது துண்டு சேரக் காத்திராது. வழியில் தவறியதைத் தேடாமல் விட்டுவிட்டு மேலே செல்லும். படம் சற்று மங்கினாலும், இணைப்பு சீராயிருந்தால் ஒரு விநாடிக்குள் வந்துவிடும். நூறு பேர்க்கு நேரலை, வாழ்த்த வேண்டிய ஒருவர்க்கு அழைப்பு என்று இரண்டு கைப்பேசிகளை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இவ்வாண்டு வைகாசியில் அதே பெண்ணுக்கு வளைகாப்பு நடந்தபொழுது அவ்வாறே செய்தோம். முதல் வளையை யார் இடுவது என்று பெண்கள் பேசிக்கொண்டிருக்கையில், “இருங்கடி, நான் சொல்றேன்” என்று ஊரிலிருந்து குரல் வந்தது. எல்லாரும் கைப்பேசியைத் திரும்பிப் பார்த்தார்கள்.