மிதித்தது பாதி, கரண்டு பாதி! செம்மண் காட்டில் ஒரு நாள் சவாரி

புதுச்சேரி:-

பெட்ரோல் இல்லை. சத்தம் இல்லை. லைசென்சு கேட்க ஆள் இல்லை. லேசாக ஒரு மிதி மிதித்தால் போதும், பின்னால் யாரோ கை வைத்துத் தள்ளுவது போல வண்டி ஓடுகிறது!

பேட்டரி சைக்கிள் என்கிறார்களே, அதில் ஏறி ஆரோவில் காட்டை ஒரு நாள் பூராவும் சுற்றிவிட்டு வந்திருக்கிறார் நமது நிருபர். அவர் சொல்வதைக் கேளுங்கள்:-

சனிக்கிழமை காலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெரியமுதலியார்சாவடி நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, குயிலாப்பாளையம் போய் வண்டி எடுத்தேன். ஒரு நாள் வாடகை, இரண்டு பேர் சினிமாவுக்குப் போய் வரும் செலவுதான் ஆயிற்று.

"சார், பெருவிரல் பக்கத்துல ஒரு விசை இருக்கு பாருங்க. அதை அமுக்குனா மிதிக்காமலே ஓடும். ஆனா அதையே அமுக்கிட்டு இருந்தீங்கன்னா பேட்டரி தாங்காது. மிதிச்சுக்கிட்டே போங்க" என்றார் கடைக்காரர்.

சரி சரி என்று தலையை ஆட்டினேன். (அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு நான் பட்ட பாடு தனிக் கதை!)

மேடு எங்கே?

கடற்கரையிலிருந்து மேற்கே போகப் போகத் தரை ஏறிக்கொண்டே போகும். சாதாரண சைக்கிளில் போனால் நெஞ்சு வாங்கும். இதிலே மேடு இருப்பதே தெரியவில்லை!

250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டார், மணிக்கு 25 கிலோ மீட்டருக்கு உட்பட்ட வேகம். இந்த அளவுக்குள் இருந்தால் லைசென்சு வேண்டாம், நம்பர் பிளேட்டு வேண்டாம். 36 வோல்ட், 10 ஆம்பியர் பேட்டரி என்றால் மூன்று தடவை முழுசாகச் சார்ஜ் ஏற்றினால் சுமார் ஒரு யூனிட் கரண்டு. வீட்டில் மாதக் கணக்குப் போடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அரசாங்க ஒதுக்குக் காட்டில் அனுமதி இல்லாமல் சைக்கிளை விட்டால் வனத்துறை வழக்குப் போடும். இது ஒதுக்குக் காடு இல்லை. மனிதர்கள் கையால் நட்ட காடு. ஆனாலும் உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். 'நுழையாதே' என்று பலகை இருந்தால் திரும்பி வந்துவிட வேண்டும்.

சித்தர் விட்ட சாபம்

நேரே இரும்பை கிராமத்துக்கு விட்டேன். அங்கே மாகாளேசுவரர் கோவில். கடுவெளிச் சித்தர் கதை அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கோவில் விழாவில் ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் காற்சலங்கை கழன்று விழுந்ததாம். சித்தர் எடுத்துக் காலில் மாட்டிவிட்டாராம். ஊரே கைகொட்டிச் சிரித்தது. சித்தருக்கு வந்ததே கோபம்! சாபம் விட்டார். லிங்கம் வெடித்துச் சிதறியது. பச்சையாக இருந்த பூமி பாலைவனம் ஆயிற்று.

மன்னன் காலில் விழுந்தான். "விட்ட சாபத்தைத் திரும்ப வாங்க முடியாது. பிற்காலத்தில் தூர தேசத்து மனிதர்கள் வந்து இந்த மண்ணைப் பச்சையாக்குவார்கள்" என்றாராம் சித்தர்.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் பாலைவனம் மட்டும் கதை இல்லை. கட்டடத்துக்கும் விறகுக்கும் வெட்டி வெட்டி, மிச்சத்தை ஆடு மாடு மேய்ந்து, அந்தச் செம்மண் மேடு பொட்டலாகிக் கிடந்தது. மழை பெய்தால் மண் கரைந்து ஓடிக் கடலே சிவந்துவிடும். அப்படி அரித்த பள்ளங்கள் பாளம் பாளமாக இன்றைக்கும் கிடக்கின்றன. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம்!

28-2-1968 அன்று 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டு ஆரோவில் நகரத்தைத் தொடங்கியபோது, அங்கே இருந்தது ஒரு ஆலமரமும் சில பனை மரங்களும்தான். ஆலமரம் இன்னும் நிற்கிறது. விழுது விட்டு ஒரு தோப்பே ஆகிவிட்டது.

புள்ளி தேய்ந்தது!

திரும்பும் வழி முழுக்க ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் முந்திரி, ஒரு பக்கம் வேலிக்குள் அடர்ந்த மரங்கள். நாவல் தெரிந்தது. மற்றதற்கெல்லாம் எனக்குப் பேர் தெரியாது. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே நிழல். வண்டி சத்தம் போடாததால் பறவைகள் பயப்படவில்லை. கீரிப்பிள்ளை ஒன்று சக்கரத்துக்கு முன்னால் நிதானமாகக் கடந்து போயிற்று.

சுகம் கண்ட பெருவிரல் சும்மா இருக்குமா? விசையை அமுக்கியவன் விடவே இல்லை. ஐந்து புள்ளி மூன்று ஆயிற்று. மூன்று ஒன்று ஆயிற்று. இடையஞ்சாவடி போகும் வழியில் வண்டி படுத்துவிட்டது!

பேட்டரி தீர்ந்த சைக்கிளை மிதிப்பது, மூட்டை ஏற்றிய சைக்கிளை மிதிப்பது மாதிரி. கொஞ்ச தூரம் மிதித்து, மீதியைத் தள்ளிக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தேன்.

டீக்கடை அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். என் நிலைமையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"கரண்டு வண்டியா தம்பி? இதோ இந்தப் பிளக்குல சொருகு. டீ குடிக்கிறியா?"

ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு புள்ளிதான் ஏறியது. அதுவரை அந்த அம்மா பேசினார்.

"நீ வந்த வழியில மரமெல்லாம் பாத்தியா? நாங்க சின்னப் புள்ளைங்களா இருக்கச்சே ஒண்ணுமே கிடையாது. வெள்ளைக்காரங்க குழி தோண்டுனாங்க. எங்க அம்மா கூலிக்குப் போனாங்க. மாட்டு வண்டியில பீப்பாய் வரும். குடத்துல மொண்டு மொண்டு கன்னுக்கு ஊத்துவாங்க. பாதி செத்துப் போகும். திரும்ப நடுவாங்க."

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

"இப்ப ரோட்டுச் சண்டை தம்பி."

வட்ட ரோடு

சண்டை என்னவென்றால், ஆரம்ப கால வரைபடத்தில் நகரத்தின் நடுவே வட்டமாக ஒரு ரோடு. ஐம்பதாயிரம் பேர் வாழப் போட்ட திட்டம். இப்போது இருப்பவர்கள் சில ஆயிரம் பேர். ரோடு வர வேண்டிய இடத்தில் இதற்குள் மரங்கள் வளர்ந்துவிட்டன!

2021 டிசம்பரில் ஜே.சி.பி. வந்து மரங்களைச் சாய்த்தது. வரைபடப்படிதான் போடவேண்டும் என்கிறது நிர்வாகம். கொஞ்சம் வளைத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்கிறார்கள் ஆரோவில்வாசிகளில் ஒரு சாரார். பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஏப்ரலில், சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் மேற்கொண்டு வேலை கூடாது என்றது. 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

இரண்டு பக்கத்திலும் நியாயம் பேச ஆள் இருக்கிறது. வளைத்துப் போடுவதற்கே என் ஓட்டு. ஊர் கட்ட வந்த இடத்தில்தான் காடு வளர்த்தார்கள், உண்மைதான். ஆனால் அந்த மரங்களுக்கு வயது வெகு காலம் ஆகிவிட்டது. ரோட்டை நாளைக்கும் போடலாம்.

இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கிளாசைக் கழுவிக்கொண்டே கேட்டார்:

"ஏன் தம்பி, ரோடு வந்தா உன் கரண்டு வண்டி நல்லாத்தானே ஓடும்?"

எனக்குப் பதில் வரவில்லை. டீக்குக் காசு வாங்கிக்கொண்டார். கரண்டுக்கு எவ்வளவு சொல்லியும் வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும்போது ஒழுங்காக மிதித்தேன். மரம் வெட்டிய இடம் வழியில் வந்தது. இரு பக்கமும் நிழல் இருக்க, நடுவில் மட்டும் அகலமாகச் சாயங்கால வெயில் விழுந்து கிடந்தது. அதைத் தாண்டிக் கடல் பக்கம் திரும்பினால் ஒரே இறக்கம். மோட்டாரும் வேண்டாம், மிதியும் வேண்டாம்.

வண்டியை விட்டபோது கடைக்காரர் முதலில் பார்த்தது புள்ளியைத்தான்.

"பரவாயில்லையே சார், இன்னும் அரைப் புள்ளி மிச்சம் வச்சிருக்கீங்களே!"

இடையஞ்சாவடி விஷயத்தை நான் சொல்லவில்லை.