கழுவுமுன் ஒரு பிடி

தேரி நாட்டுச் சபைகள் – 14

சென்ற வாரம் முதலூர் வரை வந்தோம். திருநெல்வேலிச் சீமையின் முதல் கிறிஸ்தவக் கிராமம் 1799இல் எப்படி உருவானது என்று பார்த்தோம். இந்த வாரம் மிஷனெரிமாரின் கதைக்குச் சற்று ஓய்வு. அவர்கள் போன பிறகும் நிலைத்து நிற்கிற ஒன்றைப் பற்றி எழுத வேண்டும். கிராமத்துச் சபை ஒன்று தன் வருஷத்தை எப்படிக் கடக்கிறது என்பதுதான் அது.

நாசரேத், சாத்தான்குளம், மெஞ்ஞானபுரம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது ஆலயக் கோபுரம். மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி. வெளியூரார் அண்ணாந்து பார்த்துப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சபை வளர்ந்த விதம் தெரிய வேண்டுமானால் அடுப்படிக்குப் போக வேண்டும்.

அங்கே அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு பாத்திரம் இருக்கும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், பால் பவுடர் டின், மூடி உடைந்த பிளாஸ்டிக் டப்பா என்று எதுவாகவும் இருக்கலாம். உலைக்கு அரிசி அளந்ததும், கழுவுமுன், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்த டின்னில் போட வேண்டும். இதுதான் கைப்பிடி அரிசி. நனைந்த அரிசி தாங்காது, பூசணம் பிடித்துவிடும் என்பதால் கழுவுமுன்னே எடுத்தாக வேண்டும். சாப்பிட்ட மிச்சத்துக்கு இங்கே இடமில்லை. வீட்டார் வயிற்றுக்கு அளந்ததிலிருந்தே ஒரு பிடி குறைகிறது. ரேஷன் அரிசி பொங்குகிற வீட்டிலும் பொன்னி பொங்குகிற வீட்டிலும் பிடி ஒன்றுதான். மருமகள் உலை வைக்கும்போது திண்ணையிலிருந்து குரல் வரும்: “எடுத்து வச்சியாம்மா?” “வச்சிட்டேன் அத்தை.” அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த வீட்டில் அன்று ஏறெடுத்த ஜெபங்களில் இதையும் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

சேர்ந்த அரிசியைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். சில ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை அவரவரே கொண்டுவந்து ஆலயத்தில் கொட்டுவார்கள். எல்லா வீட்டு அரிசியும் ஒரே சாக்கில் கலந்துவிட்டால் எந்தப் பிடி யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. பிறகு அதை விற்றுப் பணமாக்குவார்கள். பெரும்பாலும் வாங்குகிறவர்களும் சபையார்தான். அந்தப் பணம் ஊழியத்துக்கும் ஏழை எளியவர்களுக்கும் போகிறது.

வெளிநாட்டு உதவியில் பிறந்த சபைகள் கொடுக்கிற சபைகளாக மாறியது நம் சரித்திரத்தில் பெரிய திருப்பம். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தச் செலவில் மிஷனெரி ஊழியம் நடத்துவதைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரி 12ஆம் தேதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. ஆட்கள் நம்மவர், நிர்வாகம் நம்மவர், பணமும் நம்மவர் பணம். நிஜாம் சமஸ்தானத்துத் தோர்னக்கல்லுக்குத் திருநெல்வேலியிலிருந்து மிஷனெரி புறப்பட்டார். 1909இல் அசரியாவே அங்கே போய்ச் சேர்ந்தார். 1912இல் இந்திய ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். பேராயரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அவரையும் அவரைப் போன்றவர்களையும் அனுப்பித் தாங்கிய பனையேறிக் குடும்பங்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடவும் தெரிந்திருக்காது.

கைப்பிடி அரிசி வழக்கம் நம் பக்கத்துக்கு மட்டும் உரியதில்லை. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதே போல ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள். இன்று அந்தச் சபையின் ஊழியச் செலவைத் தாங்கும் தூண்களில் அதுவும் ஒன்று.

சரி, வருஷத்துக்கு வருவோம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புத்தாண்டு பிறக்கும். குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை கிடைக்கும். அது வருஷம் முழுவதும் சுவரில் தொங்கும். லெந்து நாட்களில் கறி நிற்கும், உபவாச ஜெபம் கூடும். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி. அதில் இந்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்து பாடுவார்கள். திடப்படுத்தலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் தப்பில்லாமல் ஒப்பிக்கப் படித்துக்கொண்டிருப்பார்கள். மனப்பாடம் மட்டும் போதாது என்று நினைக்கிற ஐயர்மார் (போதகர்கள்) சிலர் பிள்ளைகளை முதியோர் இல்லத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போகிறார்கள். எல்லாச் சேகரங்களிலும் அதைப் பாடத்தில் சேர்த்துவிட்டால் நல்லது.

அறுப்பின் பண்டிகையன்று ஆலயத்துக்குள் நுழைந்தால் சந்தைக்குள் நுழைந்தது மாதிரி இருக்கும். வாழைத்தார், கருப்பட்டிச் சிப்பம், தேங்காய், முருங்கைக்காய், காலைக் கட்டிப் போட்ட சேவல் எல்லாம் பீடத்துக்கு முன்னால் குவிந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். கோழிமுட்டை ஒன்றை எடுத்து ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று கூவுவார்கள். கடை விலையைப் போல எத்தனையோ மடங்கு கொடுத்து எடுத்தவர் மறுபடியும் அதை மேஜையில் வைத்து “இன்னொரு தரம் விடுங்க” என்பார். அதே முட்டை மறுபடி ஏலம் போகும். மும்பையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊருக்கு வந்தவர்கள் போட்டி போடுவார்கள். கொஞ்சம் கௌரவப் போட்டியும் அதில் உண்டு. ஆனாலும் ஏழைப் பாட்டி கொண்டுவந்த ஒரு முட்டை நூறு கைகளைக் கொடுக்க வைப்பதைப் பார்த்தால் மனம் நிறைகிறது.

அதைவிடப் பெரியது அசனம். முந்தின இரவே கோயில் வளாகத்தில் அடுப்பு மூட்டிவிடுவார்கள். நேர்ந்துகொண்ட கிடாய்களும் அரிசி மூட்டைகளும் வந்து குவியும். விடியும்போது பாய் விரித்து அதில் சோற்றைக் கொட்டுவார்கள். ஆளுயரத்துக்கு ஆவி எழும்பும். ஐயர் ஜெபித்ததும் பந்தி தொடங்கும். சபையார், அயலூரார், அடுத்த தெரு இந்துக்கள், வழிப்போக்கர் என்று வருகிறவர்கள் எல்லாருக்கும் இலை உண்டு.

இந்தப் பந்திக்குப் பின்னால் ஒரு பழைய போராட்டம் இருக்கிறது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ், தம்மிடம் படிக்கும் மாணவர்கள் சாதி பார்க்காமல் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அதனால் எதிர்ப்பும் வந்தது. விசுவாசத்துக்காக வீடுவாசல் இழந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க 1830இல் தர்ம சங்கம் ஏற்பட்டது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு நாசரேத்தில் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட மர்காஷியஸ் ஐயர், அவர்கள் கைத்தொழில் கற்க 1878இல் பள்ளி தொடங்கினார். ஜெபம் வேறு, சேவை வேறு என்று இவர்கள் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அசனத்தில் ஒன்றாக உட்கார்ந்துவிட்டு, கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணப் பேச்சிலும் சாதியைத் தேடுகிற சபைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே எத்தனை உபவாச ஜெபம் நடந்தாலும் வளர்ச்சி என்று நான் எழுத மாட்டேன்.

சபைத் தேர்தலையும் சொல்லியாக வேண்டும். தேர்தல் வருஷத்தில் அணிகள் பிரிகின்றன. அண்ணன் தம்பி முகம் பார்ப்பதில்லை. வழக்கு நீதிமன்றம் வரை போகிறது. ஒரு பிடி அரிசியாகச் சேர்ந்த பணம் வக்கீல் கட்டணமாகக் கரைவது எந்த விசுவாசிக்கும் நெஞ்சைச் சுடுகிற விஷயம்.

இத்தனை குறைகளோடும் இந்தச் சபைகள் எதற்காக இருக்கின்றன என்பதை 2023 டிசம்பர் காட்டியது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. ஏரல் துண்டிக்கப்பட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி கிராமத்தார் தங்கள் வீட்டிலிருந்த அரிசியைக் கொண்டுவந்து அம்மன் கோயிலில் பொங்கி அவர்களுக்குச் சோறு போட்டார்கள். சுற்று வட்டாரத்தில் பள்ளிகளும் மண்டபங்களும் பள்ளிவாசல்களும் ஆலயங்களும் தங்குமிடமாயின. அசனத்துக்கென்று வைத்திருந்த அண்டாக்கள் பல ஊர்களில் அந்த வாரம் வெளியே வந்தன. கேரல் பாடப் புறப்பட வேண்டிய வாலிபர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் பிரெட்டும் பால் பாக்கெட்டும் சுமந்தார்கள். யார் எந்தச் சாமி கும்பிடுகிறார்கள் என்று கேட்க அங்கே நேரமில்லை.

இந்தத் தொடரை வாசிக்கிற சபையாரிடம் ஒரு வேண்டுகோள். இந்த வருஷக் கணக்கு உங்கள் சபையில் வாசிக்கப்படும்போது, கட்டடத்துக்கும் பண்டிகைக்கும் போனது எவ்வளவு, வழக்குக்குப் போனது எவ்வளவு, சபைக்கு வெளியே இருக்கிற ஏழைகளுக்குப் போனது எவ்வளவு என்று தனித்தனியே சொல்லச் சொல்லுங்கள். கடைசித் தொகை குறைவாக இருந்தால், அடுத்த வருஷத்துக்கு அதை எவ்வளவு உயர்த்துவது என்று அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். கேட்கிற உரிமை ஐயருக்கும் கமிட்டிக்கும் மட்டும் உரியதில்லை. சபையில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு.