டிரைவில இடம் இருக்கு, ஆனா எழுதேலாது

விடிய மூன்று மணிக்கு ஃபோன் அடித்தது. டேட்டாபேஸ் நின்றுவிட்டதாம். லாக்-இன் பண்ணிப் பார்த்தால் சேர்வர் சொல்லுது: 20 டிபி டிரைவில் இன்னும் 8 டிபி காலி. ஆனால் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்கூட எழுத முடியவில்லை. எபிசோடில் இந்தக் கதையை அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன். அந்த 8 டிபி எங்க போனது என்று விளக்கத்தான் இது.

உங்கட லாப்டொப்பில் டிஸ்க் ஒன்று, அதுவே டிரைவ். கொம்பனி ஸ்டோரேஜில் அப்படி இல்லை. சேர்வர் காணும் டிரைவுக்கும் இரும்பு டிஸ்குக்கும் நடுவில் இரண்டு தளம் இருக்கிறது.

அடியில் இருப்பது ரெய்டு குரூப். 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூன்று பேரும் எழுதிய கட்டுரையில்தான் அந்தப் பெயர் வந்தது: ஒரு விலைகூடிய டிஸ்குக்குப் பதிலாக நிறைய மலிவான டிஸ்குகளைச் சேர்த்துப் பாவிப்போம், ஒன்று செத்தாலும் சமாளிப்போம் என்பது யோசனை. எங்களிடம் இருந்தது ரெய்டு 6. எட்டு டிஸ்கில் இரண்டின் அளவு இடம் பாரிட்டிக்குப் போய்விடும். ஆனால் எந்த இரண்டு டிஸ்க் செத்தாலும் டேட்டா தப்பும். ஏன் ஒன்று போதாது? கணக்குப் பாருங்கள். 20 டிபி டிஸ்க் ஒன்றை செக்கனுக்கு 200 எம்பி வேகத்தில் திரும்ப நிரப்ப ஒரு லட்சம் செக்கன், அதாவது கிட்டத்தட்ட 28 மணித்தியாலம். அதுவும் வேறு வேலை ஒன்றும் நடக்காவிட்டால். அவ்வளவு நேரமும் மிச்ச டிஸ்குகள் மூச்சுவிடாமல் ஓட வேண்டும். அந்த நேரத்தில்தான் இரண்டாவதும் மண்டையைப் போடும்.

இந்தக் குரூப்புகளைச் சேர்த்தால் பூல். எங்கட பூலில் இரண்டு குரூப், ஒவ்வொன்றிலும் 10 டிபி டிஸ்க் எட்டு. பாரிட்டி போக 120 டிபி. இங்கே பலர் விடுகிற பிழை ஒன்று: டேட்டா பெரும்பாலும் எல்லாக் குரூப்பிலும் பரவித்தான் கிடக்கும். ஒரு குரூப் முழுசாகப் போனால் பாதி டேட்டா தப்பும் என்று நினைக்காதீங்க. பூலே போச்சு.

மேலே வால்யூம். பூலிலிருந்து வெட்டி சேர்வருக்குக் கொடுப்பது. நாங்கள் 20 டிபி வால்யூம் பத்து கொடுத்திருந்தோம். 200 டிபி வாக்குறுதி, கையில் 120. இது களவு இல்லை, தின் ப்ரொவிஷனிங் என்று பெயர்; எழுதும்போதுதான் இடம் போகும். 600 பேருக்குக் கல்யாணக் கார்ட் கொடுத்துவிட்டு 450 சாப்பாடு ஓடர் பண்ணுவோமே, அதே கணக்கு. ஆனால் கல்யாணத்தில் ஒரு மாமாவாவது கிடாரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கட பூல் 80 சதவீதம் தாண்டியபோது வந்த எச்சரிக்கை மெயில், வேலையை விட்டுப்போன ஒருவரின் இன்பொக்சுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சரி, இடம் முடிஞ்சுது, பழைய லொக் ஃபைல்களை அழிப்போம் என்று 5 டிபி அழித்தேன். பூல் அசையவே இல்லை, இன்னும் 100 சதவீதம். அப்பதான் வயிற்றைக் கலக்கியது. காரணம் இரண்டு. சேர்வரில் ஃபைலை அழித்தால் அது பூலுக்குத் தெரியாது. "இந்த இடம் இனி எனக்கு வேண்டாம்" என்று அன்மேப் கட்டளை போக வேண்டும். லினக்ஸில் அதற்கு எஃப்எஸ்ட்ரிம். அது போனாலும், ஸ்னாப்ஷாட் அந்தப் பழைய பிளொக்குகளைப் பிடித்து வைத்திருக்கும். கடைசியில், பக்கப் வேறு இடத்தில் இருக்கு என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, பழைய ஸ்னாப்ஷாட்களை அழித்து, எஃப்எஸ்ட்ரிம் ஓடவிட்டேன். 100, 99, 97... டேட்டாபேஸ் எழும்ப ஆறு மணியாகிவிட்டது.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பொன்விக்கும் மத்யூ ஆரென்ஸும் தொடங்கிய இசட்எஃப்எஸ் இப்போது லினக்ஸில் இலவசம். டிஸ்க் தேவையில்லை, 1 ஜிபி ஃபைல் ஆறு கொடுத்தாலும் டிஸ்க் என்று எடுத்துக்கொண்டு பூல் கட்டும். ரெய்டு-இசட்-2 போட்டு, கொஞ்சப் படங்களை கொப்பி பண்ணி, இரண்டு ஃபைலை வேண்டுமென்றே நாசமாக்குங்கள். படம் திறக்கும். பிறகு மூன்றாவதையும்.