விண்மீனுக்கு ஒரு விலாசச் சீட்டு

நுழையும்முன்

வானை நோக்கும் கருவிகள் பலவகைப்பட்டவை. அவற்றைச் செய்தோரும் பல நாட்டினர். ஆயினும், ஒரு நாட்டுக் கருவி பதிந்த செய்தியை மற்றொரு நாட்டின் கணினி பிழையின்றிப் படிக்கிறது. இஃது எவ்வாறு இயலுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அலிபிரியில் தரும் சீட்டு

திருமலைக்கு நடந்து செல்லும் அடியார்கள் தம் பொதிகளை மலையடிவாரத்தில் உள்ள அலிபிரியில் ஒப்படைப்பர். உரியவரிடம் அதற்கான சீட்டு தரப்படும். பொதி வண்டியில் மேலே செல்லும். அடியார் படியேறிச் சென்று சீட்டைக் காட்டிப் பெற்றுக்கொள்வார். மேலே பொதியைத் தருபவர், கீழே அதனை வாங்கியவர் அல்லர். உரியவரின் மொழியையும் ஊரையும் அவர் அறியார். இருவரையும் இணைப்பது சீட்டு ஒன்றே. சீட்டு தொலைந்தால், பொதி பத்திரமாக இருந்தும் உரியவர் யாரெனத் தெரியாமல் கிடக்கும்.

அறிவியல் தரவுகளின் நிலையும் இதுவே. அளந்தவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர். இடையில் கடல்கள் இருக்கலாம். நூறு ஆண்டுகளும் இருக்கலாம்.

எண்களின் திரள்

தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில், 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்ப்பதே வானியலாரின் பணி எனப் பலர் எண்ணுவர். உண்மையில், தொலைநோக்கி குவிக்கும் ஒளியை இன்று மின்னணு உணரி ஒன்று பெற்று எண்களாக மாற்றுகிறது. படம் என்பது கட்டங்களாகப் பகுக்கப்பட்ட ஒரு பரப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை ஓர் எண் குறிக்கும்.

இவ்வெண்களை மட்டும் ஒருவரிடம் கொடுத்தால் அவரால் யாதும் செய்ய இயலாது. ஒரு வரிசையில் எத்தனை எண்கள்? எந்தத் தொலைநோக்கி? எந்த வடிகட்டி? எத்தனை நொடிகள் ஒளி சேர்க்கப்பட்டது? எந்த நாள், எந்த நேரம்? இவ்வினாக்களுக்கு விடை தெரிந்தால்தான் எண்கள் பொருள் பெறும்.

நேரத்தைக் குறிப்பதிலும் கவனம் வேண்டும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. காவலூரில் ஜனவரி 15 அதிகாலை 2 மணிக்கு எடுத்த படம், உலகப் பொது நேரப்படி ஜனவரி 14 இரவு 8.30 மணிக்கு உரியது. எந்த நேரமுறை என்பதைக் குறிக்காவிடில் மணி மட்டுமன்றி நாளே மாறிவிடும்.

வானில் இடத்தைக் குறிப்பதும் அவ்வாறே. புவியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால், விண்மீன்களின் ஆயத்தொலைகளும் ஆண்டுதோறும் சிறிது மாறுகின்றன. 50 ஆண்டுகளில் நேரக்கூடிய இம்மாற்றம் முழுநிலவின் தோற்ற விட்டத்தைவிட மிகுதி. எனவே, 1950 ஆம் ஆண்டின் சட்டகமா, 2000 ஆம் ஆண்டின் சட்டகமா என்பதையும் எழுதுதல் வேண்டும்.

பொதுவடிவம் பிறந்த கதை

1970களில் ஒவ்வொரு வானாய்வகமும் தனக்கென ஒரு வடிவத்தில் தரவுகளைச் சேமித்தது. கணினிகளும் தம்முள் வேறுபட்டன. சில கணினிகள் ஓர் எண்ணின் உயர்மதிப்புப் பகுதியை முதலில் எழுதின. சில, கடைசிப் பகுதியை முதலில் எழுதின. ஒருவர் 27 என எழுதியதை மற்றவர் 72 எனப் படிப்பது போன்ற குழப்பம் இதனால் நேர்ந்தது. பத்து ஆய்வகங்கள் தமக்குள் தரவைப் பரிமாற வேண்டுமெனில், ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதின் வடிவங்களையும் படிக்கும் மென்பொருளை எழுத வேண்டும். பொதுவடிவம் ஒன்று இருப்பின், அதனை எழுதவும் படிக்கவும் கற்றால் போதும்.

இத்தேவையை உணர்ந்த வெல்ஸ், கிரைசன், ஹார்டன் ஆகியோர் ஃபிட்ஸ் என்னும் வடிவத்தை 1981 ஆம் ஆண்டு வெளியிட்டனர். நெகிழ்வான படப் பரிமாற்ற முறை என்பது அப்பெயரின் பொருள். மறு ஆண்டே பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதனை ஏற்றது.

ஃபிட்ஸ் கோப்பில் இரு பகுதிகள் உண்டு. முதலாவது தலைப்பகுதி, இதுவே விலாசச் சீட்டு. இரண்டாவது தரவுப் பகுதி, இது பொதி. தலைப்பகுதி எவரும் வாசிக்கத்தக்க எழுத்துகளால் ஆனது. அதன் ஒவ்வொரு வரியிலும் 80 எழுத்திடங்கள் உள்ளன. பழைய துளையட்டையின் அளவு அது. இத்தகைய 36 வரிகள் சேர்ந்தது ஒரு தொகுதி; அதாவது 2880 பைட்டுகள்.

இவ்வெண்ணைத் தேர்ந்ததில் ஒரு கணக்கு உண்டு. 2880 பைட்டுகள் என்பது 23,040 பிட்டுகள். 16, 24, 32, 36, 60 ஆகிய எண்கள் அனைத்தும் 23,040ஐ மீதியின்றி வகுக்கும். அக்காலக் கணினிகள் இத்தகைய வெவ்வேறு அளவுகளில் எண்களைக் கையாண்டன. எந்தக் கணினிக்கும் இடர் தராத அளவைத் தேடியதன் பயனே 2880 ஆகும்.

பழையதைக் கைவிடாத விதி

ஃபிட்ஸ் முறைக்கு ஓர் அடிப்படை விதி உண்டு. ஒருமுறை ஏற்கப்பட்ட கோப்பு, பிற்காலத் திருத்தங்களால் செல்லாததாகக் கூடாது என்பதே அது.

தொடக்கத்தில் ஆண்டை இரண்டு இலக்கங்களால் எழுதும் வழக்கம் இருந்தது. 2000 ஆம் ஆண்டு நெருங்கியபோது இதன் இடர் புலப்பட்டது. 05 என்பது 1905ஐக் குறிக்குமா, 2005ஐக் குறிக்குமா? ஆகவே, ஆண்டை நான்கு இலக்கங்களில் எழுதும் முறை 1997 இல் ஏற்கப்பட்டது. பழைய கோப்புகளில் உள்ள இரண்டு இலக்கங்கள் 1900களையே குறிக்கும் எனவும் வரையறுக்கப்பட்டது. புதுமை வந்தது; பழமையும் காக்கப்பட்டது.

இவ்விதியின் அருமையைக் கொடைக்கானல் உணர்த்துகிறது. அங்குள்ள வானாய்வகத்தில் 1904 ஆம் ஆண்டு முதல் சூரியனின் படங்கள் எடுக்கப்பட்டு வந்துள்ளன. ஒளிப்படத் தட்டுகளில் இருந்த அப்படங்கள் பின்னர் எண்ம வடிவம் பெற்றன. 1904 இன் சூரியனை மீண்டும் ஒருமுறை படமெடுக்க எவராலும் இயலாது. தட்டு உடையாமல் இருந்தால் மட்டும் போதாது. அது எடுக்கப்பட்ட நாளும் நேரமும், படத்தில் வடதிசை எது என்பதும் தெரிதல் வேண்டும். அவை தெரியாவிடில், சூரியப் புள்ளி எங்குத் தோன்றி எத்திசையில் நகர்ந்தது என்று கூற இயலாது.

கருவிகள் பேசும் மொழி

தரவைச் சேமிப்பதற்கு மட்டுமன்றி, கருவிகளை இயக்குவதற்கும் தரநிலைகள் வேண்டும். லடாக்கில் உள்ள ஹான்லேயில் ஏறத்தாழ 4500 மீட்டர் உயரத்தில் இமாலயச் சந்திரா தொலைநோக்கி அமைந்துள்ளது. வானியலார் அதனைக் கர்நாடகத்தின் ஹோசகோட்டேயில் இருந்தவாறே செயற்கைக்கோள் வழியாக இயக்குகின்றனர். கட்டளை தருபவர் கருவியைக் கண்ணால் காண்பதில்லை. எனவே, திரும்பு என்னும் கட்டளையில் உள்ள எண் பாகையா, ரேடியனா என்பது முன்னரே முடிவாகியிருத்தல் வேண்டும். கருவி ஆயத்தமாக உள்ளதா, பிழை நேர்ந்ததா என்பதையும் உறுதியான சொற்களில் மென்பொருள் தெரிவித்தல் வேண்டும்.

இவ்வொழுங்கு தவறினால் விளையும் கேட்டை 1999 ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று உலகம் கண்டது. செவ்வாயின் காலநிலையை ஆராயச் சென்ற அமெரிக்க விண்கலம் அன்று அழிந்தது. உந்துதலின் அளவை ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் தந்தது. அதனைப் பெற்ற மற்றொரு மென்பொருள் நியூட்டன் அலகு எனக் கொண்டது. கணக்கில் பிழையில்லை. அலகைப் பற்றிய உடன்பாடே பிழைத்தது.

காதங்கியின் காற்று

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கி உள்ளது. அங்கு, விண்வெளித்துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆய்வகம் இயங்குகிறது. அதன் பெரிய ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் செயற்படுவது. 1024 ஆன்டெனாக்களைக் கொண்டது. அது மேலே அனுப்பும் அலைகள் காற்றடுக்குகளில் பட்டுத் திரும்புகின்றன. திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு காற்றின் வேகம் கணிக்கப்படுகிறது. பலூனில் கட்டி அனுப்பும் கருவிகளும் காற்றை அளக்கின்றன. இரண்டு அளவீடுகளையும் ஒப்பிட வேண்டுமெனில் உயரம், நேரம், அலகு, திசை ஆகிய நான்கும் ஒத்த முறையில் அமைதல் வேண்டும்.

திசையைக் குறிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. காற்று வரும் திசையைக் கொண்டு பெயரிடுதல் தமிழ் மரபு. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். வானிலையாளரும் அவ்வாறே காற்று வரும் திசையைக் கூறுவர். ஆனால், கணக்கீடுகளில் காற்று செல்லும் திசையே கொள்ளப்படும். கிழக்கு நோக்கியும் வடக்கு நோக்கியும் செல்வது நேர்க்குறி பெறும். எனவே, தென்றல் கணக்கில் வடக்கு நோக்கிய நேர் எண்ணாகிறது. எம்முறை என்பதைத் தலைப்பகுதியில் எழுதாவிடில், தென்றலை வாடையெனக் கொள்ளும் பிழை நேரும்.

உடன்பாடே அறிவியல்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 ஆம் ஆண்டு ஒரு வானாய்வகம் அமைக்கப்பட்டது. தொலைநோக்கியைத் தாங்கிய அதன் கருங்கல் தூண் இன்றும் உள்ளது. அதில் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. பின்னர் வருவோர் யாவர், எம்மொழியினர் என்பதை அதனைப் பொறித்தோர் அறியார். ஆயினும் அவர்களை எண்ணியே பொறித்தனர். தரநிலை வகுப்போரின் நோக்கமும் அதுவே. சீட்டைத் தெளிவாக எழுதுதல், முகமறியா ஒருவருக்கு இன்றே செய்யும் உதவி ஆகும்.

சொல்லும் பொருளும்

பொதி – மூட்டை
தரநிலை – யாவரும் ஏற்ற பொது ஒழுங்கு
தலைப்பகுதி – கோப்பின் விவரங்களைக் கூறும் முன்பகுதி
எண்ம வடிவம் – எண்களாக மாற்றப்பட்ட வடிவம்

சிந்தித்து எழுதுக

1. அலிபிரிச் சீட்டுக்கும் ஃபிட்ஸ் தலைப்பகுதிக்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.
2. காவலூரில் மார்ச் 1 அதிகாலை 4 மணிக்கு ஒரு படம் எடுக்கப்பட்டது. உலகப் பொது நேரப்படி அதன் நாளையும் மணியையும் கணக்கிடுக. விடை ஆண்டுக்கு ஆண்டு மாறுமா? காரணம் தருக.
3. பழைய கோப்பு செல்லாததாகக் கூடாது என்னும் விதி இல்லாவிடில் நேரும் இழப்பு யாது?
4. ஏழு நாள்கள் பள்ளி வளாகத்தின் வெப்பநிலையை அளந்து எழுதுக. உம்மை அறியாத ஒருவர் பத்து ஆண்டுகளுக்குப் பின் படித்தாலும் விளங்குமாறு அதற்கு ஒரு தலைப்பகுதி அமைக்க.